கட்டிய பணம் எங்கே போகிறது?

1994 ஜூலை 1 அன்று இந்தியாவில் சேவை வரி அறிமுகமானபோது அதற்குள் வந்தவை மூன்றே சேவைகள்: தொலைபேசி, பங்குத் தரகு, பொதுக் காப்பீடு. அன்று வரி 5 சதவீதம். 2003-ல் 8, மறு ஆண்டு 10, 2006-ல் 12 என்று ஏறி, நடுவில் கொஞ்சம் இறங்கி, 2015-ல் 14 ஆகி, ஜிஎஸ்டி வந்த 2017-ல் 18 சதவீதத்தில் போய் நின்றது. மருத்துவச் செலவுக்குப் பயந்து பாலிசி எடுத்தவர், அந்தப் பயத்துக்கும் வரி கட்டினார். 2023-24-ல் மருத்துவக் காப்பீட்டிலிருந்து மட்டும் 8,263 கோடி ரூபாய் ஜிஎஸ்டியாக வந்தது என்பது, நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்த பிறகுதான் பரவலாகத் தெரிந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவப் பாலிசிகளுக்கு அந்த வரி இல்லை. சபையில் எழுந்த குரல் வென்றது என்று இதைக் கொண்டாடலாம், கொண்டாடியவர்களும் உண்டு. ஆனால் இந்தியக் காப்பீட்டின் கடந்த எழுபது ஆண்டு வரலாற்றைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. விலையைக் குறை என்று கேட்ட உறுப்பினர்களைவிட, கட்டிய பணம் எங்கே போகிறது என்று கேட்ட உறுப்பினர்களே பாலிசிதாரருக்கு நிலையான நன்மை செய்திருக்கிறார்கள்.

காப்பீடு விசித்திரமான வியாபாரம். கடையில் அரிசி வாங்குபவர் அப்போதே கையில் அள்ளிப் பார்க்கிறார். பாலிசி வாங்குபவரோ இன்று பணம் கட்டுகிறார். சரக்கு நல்லதா என்பது இருபது ஆண்டு கழித்து, பல வேளைகளில் அவர் இறந்த பிறகு, அவர் மனைவிக்குத்தான் தெரியவரும். இடைப்பட்ட காலத்தில் பணம் யாரிடம் இருக்கிறது, என்ன ஆகிறது என்று விசாரிக்கும் வழி அவருக்கு இல்லை. நாட்டுடைமைக்கு முந்தைய பத்தாண்டில் சுமார் 25 ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் மூடப்பட்டன. ஏறக்குறைய அதே எண்ணிக்கையிலான நிறுவனங்கள் சொத்தைக் கரைத்துவிட்டு, பாலிசிதாரருக்கு நஷ்டத்தோடு வேறு நிறுவனங்களிடம் கைமாறின. 1938-ன் காப்பீட்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தபோதே நடந்தவை இவை.

இந்தச் சூழலில்தான் 1955 டிசம்பர் 6 அன்று ரேபரேலி உறுப்பினர் ஃபெரோஸ் காந்தி மக்களவையில் எழுந்தார். காங்கிரஸ்காரர், பிரதமர் நேருவின் மருமகன். மூன்றாண்டுகள் அதிகம் பேசாமல் இருந்தவர், அன்று தொழிலதிபர் ராமகிருஷ்ண டால்மியாவின் ஆதிக்கத்தில் இருந்த பாரத் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் பணம் எந்த எந்தக் கணக்கு வழியாக எங்கே போனது என்பதை விவரித்தார். பிரீமியம் அதிகம் என்று அவர் புலம்பவில்லை. பாலிசிதாரர்களின் சேமிப்பு முதலாளியின் பங்குச்சந்தைச் சூதாட்டத்துக்குத் தீனியானதைக் கணக்கோடு காட்டினார். சுமார் 2.2 கோடி ரூபாய் கையாடல் செய்த வழக்கில் டால்மியா பின்னர் சிறை சென்றார். 1956 ஜனவரி 19 அன்று அவசரச் சட்டத்தின் மூலம் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களின் நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொண்டது. அன்றிரவு வானொலியில் அதை அறிவித்தவர் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக். செப்டம்பர் 1-ல் 245 நிறுவனங்களையும் சங்கங்களையும் விழுங்கி எல்.ஐ.சி. பிறந்தது. சென்னை அண்ணா சாலையில் இன்றும் எல்.ஐ.சி. பெயரால் நிற்கும் கட்டடம், மு.சித. சிதம்பரம் செட்டியார் தன் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காகத் திட்டமிட்டது. அவர் 1954-ல் சிங்கப்பூர் விமான விபத்தில் மறைந்தார். 1959-ல் திறந்தபோது அது அரசு நிறுவனத்தின் மாளிகை. ஒழுங்காக நடந்த நிறுவனங்களும் ஒழுங்கற்றவற்றோடு சேர்ந்தே போயின என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஒரு மறுப்பு வரும். 1955 ஜனவரியில் ஆவடி மாநாட்டிலேயே காங்கிரஸ் சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானித்துவிட்டது. அதே ஆண்டு இம்பீரியல் வங்கியும் அரசிடம் வந்துவிட்டது. எனவே ஃபெரோஸ் பேசாவிட்டாலும் நாட்டுடைமை வந்திருக்கும் என்பார்கள். வந்திருக்கலாம். ஆனால் அடுத்து நடந்தது எந்தத் தீர்மானத்தாலும் வந்திருக்க முடியாதது. 1957 ஜூனில், பிறந்து ஓராண்டுகூட ஆகாத எல்.ஐ.சி., கல்கத்தா வணிகர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் சுமார் 1.25 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. தன் முதலீட்டுக் குழுவிடம் முன்கூட்டிக் கேட்கவில்லை. டிசம்பர் 16 அன்று அதே ஃபெரோஸ் காந்தி மறுபடி எழுந்தார். இம்முறை குற்றவாளிக் கூண்டில் இருந்தது தனியார் முதலாளி மட்டுமில்லை. தன் கட்சியின் அரசும்தான். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தனியொருவராக விசாரித்தார். விசாரணை திறந்த அரங்கில் நடந்தது. திரண்ட கூட்டத்துக்காக வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். சென்னையில் வியாபாரம் செய்து வளர்ந்த, நிர்வாகத் திறமையில் குறைசொல்ல முடியாத மனிதர். அவர் தன் பைக்குள் பணம் போட்டுக்கொண்டதாக யாரும் சொல்லவில்லை. அமைச்சகச் செயலாளர் செய்ததற்கு அமைச்சர் பொறுப்பு என்பதுதான் தீர்ப்பு. பாலிசிதாரர் பணத்தை முதலாளியும் தொடக்கூடாது, அமைச்சகமும் தொடக்கூடாது என்ற எல்லைக்கோடு இந்திய அரசியலில் அப்போதுதான் போடப்பட்டது.

இன்னொரு சிறு சட்டத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். சபையில் உறுப்பினர் எதைச் சொன்னாலும் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. அதை அச்சிட்ட பத்திரிகைக்கு அந்நாளில் அது இல்லை. அந்தப் பாதுகாப்பைத் தரும் தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்து 1956-ல் சட்டமாக்கியவரும் ஃபெரோஸ் காந்திதான். கேள்வி சபைச் சுவருக்குள் முடங்கினால் பாலிசிதாரருக்குப் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நெருக்கடி நிலையில் அந்தச் சட்டத்தை நீக்கியது அவர் மனைவி இந்திரா காந்தியின் அரசு. 1977-ல் ஜனதா அரசு மீட்டது.

கணக்குக் கேட்கும் மரபு அதோடு நின்றுவிடவும் இல்லை. எல்.ஐ.சி.யின் செயல்பாட்டை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கிய தமிழக நாடாளுமன்ற உறுப்பினர் இரா. செழியன், 1980-ல் அதை ஐந்து தனிக் கழகங்களாகப் பிரிக்கப் பரிந்துரைத்தார். அது நடக்கவில்லை.

விலையை மட்டும் பிடித்து இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வாகனக் காப்பீடு சாட்சி. 1939 சட்டத்தில் தொடங்கி மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். கட்டாயம் என்பதால் அதன் விலை அரசியல் விலையானது. கட்டணத்தை உயர்த்தும்போதெல்லாம் லாரி உரிமையாளர்கள் கொதித்தார்கள். 2018 ஜூலை வேலைநிறுத்தத்திலும் அது ஒரு கோரிக்கை. அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் உயிரிழப்புக்கான இழப்பீட்டுக்கு உச்சவரம்பில்லாத ஒரு பாலிசியின் விலையை நீண்ட காலம் அழுத்தி வைத்ததன் சுமை பொதுத்துறை நிறுவனங்கள் மேல் விழுந்தது. 2007-ல் மற்ற வாகனக் காப்பீட்டு விலைகள் விடுவிக்கப்பட்டபோதும் இது மட்டும் கட்டுப்பாட்டிலேயே இருந்தது, இன்றும் இருக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா உட்பட மூன்று பொதுத்துறை நிறுவனங்களைத் தூக்கி நிறுத்த, 2020-ல் மத்திய அமைச்சரவை 12,450 கோடி ரூபாய் மூலதனத்துக்கு ஒப்புதல் தந்தது. அவற்றின் நலிவுக்குக் காரணங்கள் பல. மூன்றாம் நபர் காப்பீட்டு நஷ்டம் அவற்றுள் ஒன்று. பிரீமியத்தில் கட்டாததை வரியில் கட்டினோம்.

இதைக் காட்டித்தான் சிலர், காப்பீட்டு விலை கணிதவியலாளர்களின் வேலை, உறுப்பினர்கள் தலையிடாமல் இருப்பதே நல்லது என்கிறார்கள். பாதி சரி. விபத்து நிகழ்தகவை மேசையைத் தட்டி மாற்ற முடியாது. ஆனால் பிரீமியத்தில் நிகழ்தகவு மட்டுமா இருக்கிறது? முகவர் கமிஷன், விளம்பரம், அலுவலகச் செலவு, லாபம், மருத்துவமனை பில் எல்லாம் இருக்கின்றன. 2023-24-ல் தனி மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் ஈட்டிய பிரீமியத்தில் கிளைமாகத் திரும்பியது 100 ரூபாய்க்கு சுமார் 65 ரூபாய். பொதுத்துறையில் அது 100-ஐத் தாண்டியது. இந்த இடைவெளி ஏன் என்று கேட்கக் கணிதப் பட்டம் தேவையில்லை.

2024-ன் வரிப் போராட்டத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. அவ்வாண்டு பிப்ரவரியில் ஜெயந்த் சின்ஹா தலைமையிலான நிதி நிலைக்குழு வரியைச் சீரமைக்கச் சொன்னது. ஜூலையில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி நிதியமைச்சருக்கு எழுதினார். ஆகஸ்டில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் நாடாளுமன்ற வாயிலில் முழங்கினார்கள். அவர்கள் கட்சி ஆண்ட மாநிலங்களின் அமைச்சர்களும் ஜிஎஸ்டி கவுன்சிலில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது வேறு கதை. வரி போனது நல்லதே. ஆனால் வரிவிலக்கோடு, நிறுவனங்கள் தம் செலவுகளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவும் போயிற்று. அந்தச் செலவைச் சில நிறுவனங்கள் முகவர் கமிஷனைக் குறைத்து ஈடுகட்டின. அடிப்படைப் பிரீமியம் ஏறுவதை வரிவிலக்கு தடுக்காது. 2025 ஜனவரியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்த கட்டுப்பாடு, ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் முதலில் தன்னைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பது. அதுவும் மூத்த குடிமக்களின் பாலிசிகளுக்கு மட்டுமே. ஐம்பது வயதுக்காரருக்கு அந்த வரம்பும் கிடையாது. மருத்துவமனைக் கட்டணத்துக்கோ நாடு முழுவதற்குமான கட்டுப்பாட்டாளரே இல்லை. அடுத்த கூட்டத்தொடரில் எந்தக் கட்சி உறுப்பினராவது எழுந்து, பிரீமியமாக வரும் ஒவ்வொரு 100 ரூபாயும் எப்படிப் பிரிகிறது என்று நிறுவனவாரியாகக் கணக்குக் கேட்கட்டும்.