ஆர்சி டிரிஃப்ட்: புதுக் கார் வாங்குமுன் எதற்குப் பணம் போடுவது?

ரிமோட் காரை வளைவில் பக்கவாட்டாகச் சறுக்கவிட்டு ஓட்டும் பொழுதுபோக்குக்கு நம் இளைஞர்களிடையே 'ஆர்சி டிரிஃப்ட்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. சறுக்கல் என்று எழுதினால் தோல்வி என்று பொருள்படும். அதனால் இந்தக் கட்டுரையிலும் டிரிஃப்ட் என்றே இருக்கட்டும்.

இங்கே ஓடுபவை பெரும்பாலும் 1/10 அளவுக் கார்கள். அகலம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். யார் முதலில் வருகிறார் என்று பார்ப்பதில்லை. வண்டி எவ்வளவு கோணத்தில் சறுக்குகிறது, குறித்த பாதையை விட்டு விலகாமல் செல்கிறதா, முன்னால் ஓடும் காரை எவ்வளவு ஒட்டித் தொடர்கிறது என்பதற்கே புள்ளிகள். ஷுய்ச்சி ஷிகெனோவின் 'இனிஷியல் டி' படக்கதை 1995இல் தொடங்கியது. அதைப் படித்தும் பார்த்தும் வளர்ந்தவர்களுக்கு டொயோட்டா ஏஇ86 காரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அந்த மோகத்தின் சிறிய வடிவம்தான் இது.

சிறிய வடிவம் என்றாலும் செலவு சிறியதல்ல. மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். உயர்நிலைக் கார் ஒன்றும் அதற்குரிய மின்பாகங்களும் சேர்ந்தால் அந்தத் தொகையை எளிதாகத் தாண்டிவிடும். முதல் சம்பளத்தில் பளபளக்கும் காரை வாங்கி, அது தரையில் பம்பரமாகச் சுற்றுவதைப் பார்த்து மனம் வெறுத்து, பாதி விலைக்கு விற்றுவிடுபவர்கள் உண்டு. பெரும்பாலும் பிழை காரில் இல்லை. பணத்தை எந்த இடத்தில் போட்டார்கள் என்பதில்தான்.

இது ஏன் என்று புரிய, கார் மாறிய கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நான்கு சக்கரமும் சுழலும் சாதாரணப் பந்தயக் காரைத்தான் டிரிஃப்டுக்குப் பயன்படுத்தினார்கள். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் பிவிசி குழாயை வளையமாக அறுத்துச் சக்கரத்தில் மாட்டினால் கார் வழுக்கும். ஆனால் முன்சக்கரமும் இழுப்பதால், உண்மைக் காரில் காணும் எதிர்த்திசைத் திருப்பம் அதில் வராது. பிறகு பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட வேகமாகச் சுழலும்படி பல்சக்கரங்களை மாற்றிப் பார்த்தார்கள். 2016இல் ஜப்பானின் யோகோமோ நிறுவனம் ஒய்டி-2 காரை வெளியிட்டபின், பின்சக்கரம் மட்டும் இழுக்கும் கார்கள் பரவலாகிவிட்டன. இன்று ஓட்டப்பாதைகளில் அவைதாம் அதிகம்.

பின்சக்கரக் காருக்கு உயிர் கைரோ. உண்மைக் காரில் பின்பக்கம் வழுக்கினால், முன்சக்கரங்கள் தாமாகவே சறுக்கும் திசைக்குத் திரும்பும். ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் தளர்த்திப் பிடித்தால் போதும். ஆர்சி காரில் முன்சக்கரத்தை சர்வோ இறுக்கிப் பிடித்திருப்பதால் அது நடக்காது. கார் எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்பதைக் கைரோ உணர்ந்து, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் சர்வோவைத் திருப்பச் சொல்கிறது. இதன் அளவை 'கெயின்' என்பார்கள். குறைத்து வைத்தால் கார் சுற்றிவிடும். கூட்டி வைத்தால் முன்சக்கரம் குளிர்காய்ச்சல் வந்ததுபோல் நடுங்கும். எனவே கைரோ நல்லதாக இருந்தும் சர்வோ மந்தமாக இருந்தால் பயனில்லை. பழைய அனலாக் சர்வோவை வேகமான டிஜிட்டல் முறையில் இயங்கும் கைரோவுடன் இணைத்தால், அது சூடேறிக் கருகியும் போகலாம். ஃபுட்டாபா, யோகோமோ, ரெவே டி போன்றவை டிரிஃப்டுக்கென்றே கைரோ தயாரிக்கின்றன. கடையில் கைரோவையும் சர்வோவையும் சேர்த்தே கேளுங்கள்.

கார்களைப் பொறுத்தவரை, யோகோமோ இப்போது மூன்று படிகளாகப் பிரித்து விற்கிறது. புதியவர்களுக்கு 'ரூக்கி டிரிஃப்ட்' என்ற ஆர்டி வரிசை, நடுவில் எஸ்டி, உச்சியில் 'மாஸ்டர் டிரிஃப்ட்' என்ற எம்டி வரிசை. தைவானின் எம்எஸ்டி நிறுவனத்தின் ஆர்எம்எக்ஸ் 2.5 பொருத்தி முடித்த நிலையிலும் கிடைப்பதால், திருகாணியைக் கையில் எடுக்கத் தயங்குபவர்களுக்கு ஏற்றது. திரீரேசிங்கின் சகுரா டி5 சிக்கனமான தேர்வு. அண்மைக்கால வடிவமைப்புகளில் ஒரு பொதுப்போக்கு தெரிகிறது: மோட்டாரையும் பேட்டரியையும் பின்னுக்கும் மேலுக்கும் நகர்த்துகிறார்கள். பின்சக்கரத்தின் மேல் எடை விழுந்தால் அழுத்தம் பிடித்து, சறுக்கும்போதும் கார் முன்னேறும். இது உண்மையான முன்னேற்றம்தான். ஆனால் கற்றுக்கொள்பவரின் கைக்கு அந்த வேறுபாடு முதல் ஆறு மாதத்தில் தெரியாது என்பது என் கருத்து.

முதல் நாளிலேயே தெரிவது டயர். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு வியப்பாக இருக்கலாம், இந்த டயரில் ரப்பரே கிடையாது. கெட்டியான பிளாஸ்டிக் வளையம் அது. தரை கம்பளமா, பளபளப்பான வினைல் ஓடா, மெழுகிய சிமெண்டா என்பதைப் பொறுத்து வேறு வேறு கலவை தேவை. கம்பளத்தில் அருமையாக ஓடிய கார் சிமெண்டுத் தரையில் பனிக்கட்டியில் விட்டதுபோல் ஆகிவிடும். எல்லாக் கார்களும் ஒரே பிடிப்பில் இருந்தால்தான் ஒன்றையொன்று ஒட்டி ஓட முடியும் என்பதால், பல ஓட்டப்பாதைகள் இந்த டயர்தான் போட வேண்டும் என்று விதித்திருக்கும். ஆகவே காருக்குப் பணம் கட்டும் முன்பே, நீங்கள் ஓட்டப்போகும் இடத்துக்குப் போய் டயரின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். புது டயர் சற்றுத் தேய்ந்தபிறகுதான் ஒரு நிலைக்கு வரும். முதல் சில சுற்றுகளை வைத்துக் காரைக் குறை சொல்ல வேண்டாம்.

மோட்டாரில் 10.5டி, 13.5டி என்று எழுதியிருப்பது கம்பிச்சுற்றின் எண்ணிக்கை. சுற்று குறைந்தால் வேகம் கூடும். தொடங்குபவருக்கு இந்த இரண்டில் எதுவும் தாராளம்.

நீலம், ஊதா, சிவப்பு நிற அலுமினியப் பாகங்கள்தாம் பணத்தைத் தின்பவை. கண்ணாடிப் பெட்டியில் பார்த்தால் ஆசை வருவது இயல்பே. ஆனால் சுவரில் மோதும்போது பிளாஸ்டிக் கை வளைந்து தப்பிவிடும், அல்லது மலிவாக உடையும். அதை அலுமினியமாக மாற்றினால் அதிர்ச்சி அடுத்த பாகத்துக்குப் போகும். உடைந்ததை மாற்றும்போது யோசித்துக்கொள்ளலாம். மேற்கூடு பாலிகார்பனேட், நிறமில்லாமல் வரும். உட்புறமாக அதற்குரிய பெயிண்டை அடித்து, வெளியே ஒட்டியுள்ள மெல்லிய தாளைக் கடைசியில் உரிக்க வேண்டும். சாதாரண ஸ்பிரே அடித்தால் முதல் மோதலிலேயே செதில் செதிலாகக் கொட்டும்.

பேட்டரி பெரும்பாலும் 2எஸ் லிப்போ, 7.4 வோல்ட். இரண்டு செல்லையும் சமமாக ஏற்றும் சார்ஜரையே வாங்குங்கள். ஏற்றும்போது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். நம் வெயிலில் கார் பூட்டில் விட்டுச் செல்வது ஆபத்து. பல நாள் பயன்படுத்தாவிட்டால் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துவிடுங்கள். விமானத்தில் கொண்டுபோவதானால் கைப்பையில் மட்டுமே எடுத்துச் செல்ல வேண்டும். பெட்டியில் போட்டு ஏற்றக்கூடாது.

வெளிநாட்டிலிருந்து இணையம்வழி பாகம் வரவழைப்போர் வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மலேசியாவில் 2024 ஜனவரி 1 முதல், 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத இறக்குமதிப் பொருளுக்குப் பதிவுபெற்ற விற்பனையாளர்கள் 10 விழுக்காடு விற்பனை வரி வசூலிக்கிறார்கள். சிங்கப்பூரில் 400 வெள்ளி வரையிலான பொருளுக்கும் 2023 முதல் பொருள் சேவை வரி உண்டு. இப்போது அது 9 விழுக்காடு.

பழைய கார் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாகம் தாராளமாகக் கிடைக்கும் ஒய்டி-2 போன்ற காரைத் தேடுங்கள். சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பார்த்து, பல்சக்கரச் சத்தத்தைக் கேட்டு, கைரோவும் சர்வோவும் விலையில் அடக்கமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கூடவே தரும் பேட்டரி வீங்கியிருந்தால், இலவசம் என்றாலும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.