சேத்துப்பட்டுக் கேள்வியும் ஜார்க்கண்ட் விடையும்

2023 ஆகஸ்டில் லான்செட் மருத்துவ இதழ் ஓர் இந்திய ஆய்வை வெளியிட்டது. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் காசநோயாளிகளின் வீட்டாருக்கு மாதந்தோறும் ஆளுக்கு ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும், கூடவே நுண்சத்து மாத்திரைகளும் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. கிருமி இருப்பது பரிசோதனையில் உறுதியான நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்துக்கொண்டால் 48 சதவீதம் குறைந்தது.

அண்மை ஆண்டுகளில் மருத்துவத்தின் பல துறைகளிலும் இப்படிப்பட்ட எளிய கேள்விகளே பெரிய விடைகளைத் தந்திருக்கின்றன. டெக்சாமெத்தசோன் என்ற பழைய, மலிவான மருந்து கடுமையான கோவிட் நோயாளிகளின் உயிரைக் காக்கும் என்று 2020இல் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு நிறுவியது. பிரசவத்தில் வெளியேறும் ரத்தத்தைக் கண் மதிப்பில் விடாமல் அளவு குறித்த பையில் பிடித்து அளந்து, உடனே முழுச் சிகிச்சையையும் தொடங்கினால் கடுமையான ரத்தப்போக்கு வெகுவாகக் குறையும் என்பதை 2023இல் இ-மோட்டிவ் ஆய்வு காட்டியது. இவை ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு உரியவை. ஜார்க்கண்ட் ஆய்வை மட்டும் இங்கே விரித்துப் பேச விரும்புகிறேன். அதன் வேர் சென்னையில் இருக்கிறது. நம் ஊரில் கேட்கப்பட்ட ஒரு கேள்விக்குக் கிடைத்த சரியான விடையை அறுபது ஆண்டுகள் உலகம் எப்படிப் பாதி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது என்ற கதையும் அதில் இருக்கிறது.

1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து எடுத்த முயற்சி அது. பணிகளை முன்னின்று நடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ். இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அன்றைய நிலையை மறந்துவிட்டால் அந்த மையத்தின் துணிச்சல் புரியாது. காசநோய்க்குச் சிகிச்சை என்றால் சானடோரியம் என்று பொருள். ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே, நல்ல காற்று, முழு ஓய்வு, முட்டையும் பாலும் கொண்ட சாப்பாடு. தாம்பரத்தில் சௌரி முத்து 1928இல் நிறுவிய சானடோரியம் இந்த நம்பிக்கையின் வடிவம்தான்; அந்தப் பெயர் இன்றும் ரயில் நிலையத்தில் நிற்கிறது. ஆனால் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகள் ஆயிரக்கணக்கில் மட்டும். படுக்கைக்குக் காத்திருக்கும்போதே பலர் இறந்தார்கள். மருந்துகள் வந்துவிட்டன, அவற்றை வீட்டிலேயே கொடுத்தால் நோய் குணமாகுமா என்பது யாருக்கும் தெரியாது.

சென்னையின் ஏழை எளிய குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்தார்கள். இருதரப்புக்கும் ஒரே மருந்து: ஐசோனியசிடும் பாஸ் எனப்படும் பாரா அமினோ சாலிசிலிக் அமிலமும், ஓராண்டுக்கு. முடிவு 1959இல் வெளியானது. சானடோரியத்தில் 92 சதவீதத்தினரிடமும் வீட்டில் 86 சதவீதத்தினரிடமும் நோய் அடங்கியிருந்தது. வித்தியாசம் சிறிதே. நோயாளியை வீட்டில் வைத்திருந்ததால் உடன் வாழ்ந்தவர்களுக்குக் கூடுதல் ஆபத்து நேரவில்லை என்பதையும் ஐந்தாண்டுத் தொடர் கண்காணிப்பு காட்டியது. தொற்று பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே பரவிவிடுகிறது. மருந்து தொடங்கியபின் அது விரைவில் அடங்குகிறது.

உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஒரு ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. வீட்டை விட்டு, பிள்ளைகளை விட்டு, வேலையை விட்டு ஆண்டுக்கணக்கில் ஒதுங்கிக் கிடக்கும் தண்டனையிலிருந்து கோடிக்கணக்கானவர்களை விடுவித்தது சேத்துப்பட்டு. ஊழியர் முன்னிலையில் மருந்தை விழுங்கவைப்பது, வாரம் இருமுறை மட்டும் மருந்து கொடுப்பது என்று பின்னாளில் உலகெங்கும் பரவிய முறைகளுக்கும் இந்த மையத்தின் அடுத்தடுத்த ஆய்வுகள் அடித்தளமிட்டன. தமிழ்நாட்டு மருத்துவ வரலாற்றில் இதைவிடப் பெரிய கொடை ஒன்றைச் சுட்டுவது கடினம்.

அதே ஆய்வின் தொடர்ச்சியாக 1961இல் ஒரு கட்டுரை வந்தது. அது உணவைப் பற்றியது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், அவர்களின் எடையும் கூடுதலாக ஏறியது. வீட்டில் இருந்தவர்களின் தட்டில் அரிசிச் சோறுதான் பெரும்பகுதி. புரதம் குறைவு, ஓய்வும் குறைவு. அப்படியிருந்தும் கிருமி ஒழிவதில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. உரிய மருந்து கிடைத்தால், சரியான சாப்பாடு இல்லாவிட்டாலும் மருந்து வேலை செய்யும் என்பதே அதன் முடிவு.

இந்த முடிவில் பிழை எதுவும் இல்லை. அது வந்த காலத்தில் கருணையான முடிவும்கூட. நல்ல சாப்பாடு கொடுக்க முடியாத ஏழை நாட்டிலும் காசநோயை வெல்லலாம் என்று அது சொன்னது. ஆனால் காதில் விழுந்தது வேறு. மருந்து கிருமியைக் கொல்ல உணவு தடையல்ல என்ற விடை, காசநோய்க்கும் உணவுக்கும் பெரிய தொடர்பில்லை என்று சுருங்கிவிட்டது. நோயாளி பிழைக்கிறாரா, எழுந்து வேலைக்குப் போகிறாரா, வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு நோய் வருகிறதா என்பவை அந்தக் கட்டுரையின் கேள்விகளே அல்ல. காசநோய்த் திட்டங்களின் பேச்சிலிருந்து சாப்பாடு மெல்ல மறைந்தது. மாத்திரையை எண்ணினார்கள், சளியைச் சோதித்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்க மருத்துவப் படிவத்தில் இடமில்லை.

அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்டவர்களில் முதன்மையானவர்கள் மருத்துவர்கள் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும். சத்தீஸ்கரில் கனியாரி என்ற ஊரில் ஜன ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற மருத்துவ அமைப்பு பழங்குடி மக்களிடையே பணியாற்றுகிறது. அங்கு வந்த காசநோயாளிகளின் எடையைத் தொகுத்து 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆண்களின் இடைநிலை எடை 42 கிலோ. பெண்களுக்கு 34 கிலோ. வளர்ந்த பெண்களின் எடை இது. இன்று பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நிற்கும் எடையில் பிள்ளை பெற்ற தாய்மார்கள் நின்றார்கள்.

பழைய சான்றுகளையும் அவர்கள் தூசி தட்டி எடுத்தார்கள். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகில் பாப்வொர்த் என்ற குடியிருப்பு 1918 முதல் இருந்தது. காசநோயாளிகள் குடும்பத்தோடு வாழ்ந்து, வேலை செய்து, போதிய ஊதியமும் நல்ல உணவும் பெற்ற இடம் அது. அங்கே நோயுற்ற பெற்றோரோடு வளர்ந்த குழந்தைகளுக்குத் தொற்று ஏற்படாமல் இல்லை. ஆனால் தொற்று நோயாக முற்றுவது மிக அரிதாக இருந்தது.

தொற்றுக்கும் நோய்க்கும் உள்ள இடைவெளிதான் இங்கே எல்லாம். காசநோய்க் கிருமி உடலுக்குள் போனவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் வாழ்நாளில் நோய் வருகிறது. மற்றவர்களின் நுரையீரலில் நோயெதிர்ப்பு அணுக்கள் கிருமியைச் சுற்றிக் கூடி அதை வேலியிட்டு அடைத்துவிடுகின்றன. அந்த வேலியை நாள்தோறும் காக்க டி அணுக்கள் வேண்டும், அவை சுரக்கும் காமா இன்டர்ஃபெரான் வேண்டும். பட்டினி இந்தப் படையைத்தான் முதலில் மெலியவைக்கிறது. கிருமி உள்ளே வந்து பல ஆண்டுகள் கழித்து, ஒரு வறண்ட ஆண்டில், வேலை இல்லாத ஒரு பருவத்தில் நோய் தலைதூக்குவது அதனால்தான்.

பார்கவா இருவரும் முன்னின்று நடத்திய ஜார்க்கண்ட் ஆய்வின் பெயர் ரேஷன்ஸ். 2019 ஆகஸ்டிலிருந்து 2021 ஜனவரி வரை 2,800 நோயாளிகளும் அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்த 10,345 பேரும் சேர்க்கப்பட்டார்கள். அதாவது கோவிடின் முதல் அலையும் ஊரடங்கும் இந்தச் சேர்க்கைக் காலத்துக்குள்ளேயே அடங்குகின்றன. அரிசி மூட்டையை வீடுவரை கொண்டுபோவதே ஒரு போராட்டமாக இருந்திருக்கும் நாட்கள் அவை. சேத்துப்பட்டு நிறுவனமும் இதில் பங்காளி என்பது எனக்குப் பெரும் நிறைவைத் தருகிறது. 1961இல் ஒரு கேள்விக்கு விடை சொன்ன அதே நிறுவனம், அடுத்த கேள்வியைக் கேட்கவும் வந்து நின்றது.

ஆய்வு வகுக்கப்பட்ட விதம் கவனிக்கத்தக்கது. ஆட்களைத் தனித்தனியாகப் பிரிக்காமல் 28 காசநோய்ப் பிரிவுகளை, அதாவது நோயாளிகளைக் கவனிக்கும் வட்டார நிர்வாக அலகுகளை, குலுக்கிப் பிரித்தார்கள். நோயாளிகள் அனைவருக்கும், இரு தரப்பிலும், உணவுப் பொதி கிடைத்தது: அரிசி, வறுத்த கொண்டைக்கடலை மாவு, பால் பவுடர், எண்ணெய் என மாதம் பத்துக் கிலோ, நாளுக்கு 1,200 கலோரியும் 52 கிராம் புரதமும் கிடைக்கும் கணக்கில். எலும்பும் தோலுமாக வந்து நிற்கும் நோயாளியை, ஒப்பீட்டுக்காக என்று சொல்லி உணவில்லாமல் விட அவர்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே வித்தியாசம் வீட்டாரிடம் மட்டும் வைக்கப்பட்டது. ஒரு தரப்பின் வீட்டாருக்கு நாளுக்கு 750 கலோரியும் 23 கிராம் புரதமும் தரும் உணவு ஆறு மாதம். மறு தரப்பின் வீட்டாருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். சுமார் 30 குடும்பங்களுக்கு, அதாவது 111 பேருக்கு உணவு கொடுத்தால் ஒருவருக்குக் காசநோய் வராமல் தடுக்கலாம் என்று கணக்கு வந்தது.

நோயாளிகள் பற்றிய பகுதி தனியாக வெளியானது. சேர்ந்த அன்று அவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் எடை குறைந்தவர்கள். கிட்டத்தட்ட பாதிப் பேரின் உடல் நிறை குறியீடு 16க்கும் கீழே. முதல் இரண்டு மாதத்தில் ஐந்து சதவீத எடை ஏறியவர்களிடம் இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. இந்த எண்ணைக் கவனமாகக் கையாள வேண்டும். நோயாளிகளில் உணவு பெறாத தரப்பு இல்லாததால், எடை ஏறியதால் பிழைத்தார்களா, பிழைக்கும் நிலையில் இருந்ததால் எடை ஏறியதா என்பதை இந்த ஆய்வு மட்டும் வைத்து அறுதியிட முடியாது. வீட்டார் பற்றிய முடிவோ குலுக்கலின் பலம் கொண்டது. 1961இன் முடிவை அதன் எல்லைக்கு வெளியே இழுத்ததால் வந்த இழப்பைக் கண்ட பிறகு, 2023இன் முடிவையும் அப்படி இழுத்துவிடக் கூடாது.

வீட்டாரிடம் கண்ட பலனின் அளவை உணர இன்னொரு தமிழ்நாட்டு ஆய்வை நினைக்க வேண்டும். 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் பி.சி.ஜி. தடுப்பூசி சோதிக்கப்பட்டது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவு வந்தது. குழந்தைகளை மூளைக் காய்ச்சல் போன்ற கடும் வடிவங்களிலிருந்து காக்கும் என்பதாலேயே இன்றும் அதைப் போடுகிறோம். பெரியவர்களுக்கான எம்72 என்ற புதிய தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை 2024இல்தான் தொடங்கியது. அந்த ஊசி வரும்வரை, தடுப்பூசிக்கு நிகரான பலனை அரிசியும் பருப்பும் தந்திருக்கின்றன.

மருந்துகளிலும் நல்ல செய்திகள் உண்டு. மருந்துக்கு வசப்படாத காசநோய்க்கு ஒன்றரை ஆண்டுக்கும் மேல் நீண்டு, ஊசிகளால் காதுகேளாமையைக் கொடுத்த சிகிச்சை, 2022இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த பிபாம் என்ற கூட்டு மருந்தால் ஆறு மாதத்துக்குச் சுருங்கிவிட்டது. ஆனால் முதல் சில வாரங்களில் இறந்துவிடுபவருக்கு ஆறு மாத மருந்தால் பயனில்லை.

அந்த முதல் வாரங்களைக் குறிவைத்துத் தமிழ்நாடு 2022இல் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியது. நோய் கண்டறிந்த அன்றே செவிலியர் பார்ப்பவை மிகச் சில. உயரமும் எடையும். கணுக்காலில் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுகிறதா. நிமிடத்துக்கு மூச்சு 24ஐத் தாண்டுகிறதா. ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே இறங்கியதா. பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. உடல் நிறை குறியீடு 14 அல்லது அதற்கும் கீழே இருந்தால் உள்நோயாளியாகச் சேர்க்கப் பரிந்துரைக்க வேண்டும். 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 36 கிலோவுக்கும் குறைவாக இருப்பதுதான் 14. எடையும் உயரமும் பார்க்கும் கருவிகளும், ஆக்சிஜன் அளக்கும் சிறு கருவியும், ஒரு நாற்காலியும் இருந்தால் ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே முடிந்துவிடும் வேலை இது. இதைத் தொற்றுநோயியல் தேசிய நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு மாநிலம் முழுவதற்கும் கொண்டுசென்றது பாராட்டுக்குரியது.

இந்திய அரசு 2018 முதல் நோயாளிகளுக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பரில் அதை 1,000 ஆக்கியது. வீட்டாருக்கும் உணவுப் பொதி என்ற அறிவிப்பும் வந்திருக்கிறது. இங்கே நமக்கு ஒரு தனிக் கேள்வி எழுகிறது. ஜார்க்கண்டின் பழங்குடிக் கிராமங்களில் கண்ட 39 சதவீதம், பெரும்பாலான குடும்பங்களுக்கு ரேஷனில் இலவச அரிசி கிடைக்கும் தமிழ்நாட்டில் கிடைக்குமா? இங்கே குறைவது அரிசியா, பருப்பும் முட்டையும்தானா? நோய் குறைவாக வரும் இடத்தில் ஒருவரைக் காக்க 30 குடும்பங்கள் போதாது. கூடுதல் குடும்பங்களைச் சேர்த்து, ஆண்டுகள் பல தொடர்ந்து பார்க்க வேண்டியிருக்கும். சர்க்கரை நோயும் காசநோயும் சேர்ந்தே வரும் நம் மாவட்டங்களில் பொதியில் மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் கூட்ட வேண்டியிருக்கலாம். ரேஷன் கடையின் வலைப்பின்னல் இருக்கிறது, மாவட்டந்தோறும் காசநோய்ப் பிரிவு இருக்கிறது, வீடுதேடிச் செல்லும் மருத்துவ ஊழியர்கள் இருக்கிறார்கள். குலுக்கல் முறையில் அந்த ஆய்வை நடத்தும் அனுபவமும் 1956இலிருந்து சேத்துப்பட்டில் இருக்கிறது.