ஜீலாங் கிராமர் பள்ளி: 1976ஆம் ஆண்டு இணைப்பு

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில், ஆங்கிலிக்கன் ஆயர் பெரியின் ஆசியுடன் 1855இல் தோன்றிய ஜீலாங் கிராமர் பள்ளி, நிதி நெருக்கடியால் 1860இல் மூடப்பெற்று 1863இல் மீண்டும் திறக்கப்பெற்றது. 1914இல் கோரியோவுக்குப் பெயர்ந்தது. ஜேம்ஸ் டார்லிங் 1953இல் தொடங்கிய டிம்பர்டாப் மலை வளாகமே இன்றும் பெரிதும் பேசப்படுவது. 1966இல் இளவரசர் சார்லஸ் அங்குப் பயின்றமை அப்புகழை வளர்த்தது. ஆயின், பள்ளியின் இயல்பையே மாற்றியது 1976ஆம் ஆண்டு இணைப்பு என்பது என் கருத்து. 1906இல் நிறுவப்பெற்ற ஹெர்மிடேஜ், 1910இல் இசபெல் ஹெண்டர்சன் தொடங்கியதும் புதின ஆசிரியர் ஜோன் லிண்ட்சே பயின்றதுமான கிளைட் ஆகிய இரு பெண்கள் பள்ளிகள் அவ்வாண்டில் ஆண்கள் பள்ளியாக வளர்ந்த இதனுடன் சேர்ந்தன. மாணவியர்க்குக் கதவு திறந்த நிகழ்வாக மட்டும் இதனை எழுதுதல் பொருந்தாது; பெண்கள் தலைமையேற்று வளர்த்த இரு நிறுவனங்கள் தம் தனியாட்சியை இழந்ததும் அப்போதுதான். கோரியோவில் மாணவியர் இல்லங்களின் பெயர்களாக அவை எஞ்சியுள்ளன.