மன்னார்க் கடலில் குளிப்பு

முத்துச்சிப்பி, சங்கு, கடலட்டை எடுப்பதற்காக மன்னார் வளைகுடாவின் அடித்தரைக்கு ஆள் இறங்கும் தொழில் குளிப்பு எனப்படும். இறங்குபவர் குளியாளி. சிப்பி வளரும் கடற்படுக்கைகளுக்குப் 'பார்' என்று பெயர். மன்னார்த் தீவுக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக் கரைகளுக்கு எதிரே, 5 முதல் 10 பாகம் ஆழத்தில் இவை கிடக்கின்றன. ஒரு பாகம் ஏறத்தாழ 1.8 மீட்டர்.

முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்ததில்லை. சிப்பி முற்றியிருக்கும் ஆண்டில், கடல் அடங்கிக் கிடக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் மட்டும் நடந்தது. தூத்துக்குடிப் பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள், பாரசீக வளைகுடா அரபியர் எல்லோரும் வந்து இறங்க, வெறும் மணற்கரை சில வாரங்களுக்கு ஊராகிவிடும். இதை மேற்பார்வையிட இலங்கையின் பிரித்தானிய ஆளுநர் பிரடெரிக் நோர்த் 1801–1804இல் அரிப்பில் கட்டிய மாளிகை இன்று கடலரிப்பால் இடிந்து நிற்கிறது. ஊரார் அதை அல்லிராணிக் கோட்டை என்பர்.

நள்ளிரவில் தரைக்காற்றைப் பிடித்துப் புறப்படும் படகுகள் விடியலில் பாரை அடையும். சுறா அண்டாதபடி கடலைக் 'கட்டி' வைக்கும் மந்திரக்காரரான கடல்கட்டி இல்லாமல் இறங்க மாட்டார்கள். படகுக்கு ஐந்து கல், கல்லுக்கு இரண்டு குளியாளி. ஒருவர் இறங்க மற்றவர் இளைப்பாறுவார். 30, 40 இறாத்தல் கல்லின் கயிற்று வளையத்தில் கால் நுழைத்து, மூக்கை விரலால் இறுக்கி, மூச்சடக்கிப் போவார். தரை தொட்டதும் காலை விடுவிப்பார். மேலிருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். ஒரு நிமிடத்துக்குள், அல்லது சற்றுக் கூடுதலாக, எட்டிய சிப்பியெல்லாம் வலைப்பையில் விழும். பிறகு கயிற்றை ஒரு சுண்டு. அந்தச் சுண்டலுக்காகவே கயிற்றைப் பிடித்தபடி ஒருவர் நிற்பார். குளியாளியின் உயிர் அவர் கையில்தான்.

1905இல் 8 கோடிக்கு மேல் சிப்பி கரையேறி, அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய் கிடைத்தது. மறு ஆண்டே பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனியிடம் போயின. சிப்பி பொய்த்தது, கம்பனியும் நிலைக்கவில்லை. 1925க்குப் பின் பெரிய குளிப்பு நடக்கவில்லை.

இன்று இக்கரையில் இறங்குவோர் பெரும்பாலும் சங்கும் அட்டையும் தேடி, முதுகில் காற்றுச் சிலிண்டருடன் இறங்குகிறார்கள். இத்தொழிலுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். பலர் வகுப்பில் கற்றவர்கள் அல்லர், படகிலேயே பழகியவர்கள். ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. பாட்டன் காலத்துப் பாடம் மூச்சை அடக்கு என்பது. சிலிண்டரின் பாடமோ மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் இரு மடங்கு. மேலே உள்ளிழுத்த மூச்சோடு இறங்கியவருக்கு அக்காற்று சுருங்கி, ஏறும்போது பழைய அளவுக்கே திரும்பும். அடியில் சிலிண்டரிலிருந்து நெஞ்சு நிறைய இழுத்ததை அடக்கிக்கொண்டு ஏறினால் அது இரு மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழிக்கும். அடியில் நெடுநேரம் இருந்தவர் விரைந்து ஏறினால், இரத்தத்திலும் தசையிலும் கரைந்த நைதரசன் குமிழாகும். மூட்டுவலியில் தொடங்கி, கால் விளங்காமற்போவது வரை அது கொண்டுபோகும்.

புதிதாகத் தொடங்குபவர் ஆளிறங்கா ஆழத்துக்கு ஆசைப்படாமல், இடுப்பளவு நீரில் சிலிண்டருடன் சீராக மூச்சுவிடப் பழகவேண்டும். இறங்க இறங்க மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதடைப்பை நீக்கவேண்டும். வலித்தால் மேலும் இறங்கக் கூடாது. ஏறுவது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேற்படாமல், 5 மீட்டரில் மூன்று நிமிடம் தரித்து. வெதுவெதுப்பான கடல்தானே என்று குளிரை அசட்டை செய்வதும் தவறு. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடற்சூட்டை உறிஞ்சும். வாடைக்காலத்தில் அடுத்தடுத்து இறங்குபவருக்கு விரல் மரத்து, கருவியைத் திருகவே வராது. மெல்லிய ரப்பர் உடை இங்கே போதும். குளிர்நாடுகளில் நீர் புகாத உலர் உடையும் அதற்கெனத் தனிப் பயிற்சியும் தேவைப்படுகின்றன.

கயிறு பிடித்தவரின் வேலை இப்போது குமிழிகளைப் பார்த்துக்கொண்டு படகை ஓட்டுவது. குமிழி இடம் காட்டும். கீழிருப்பவருக்கு எவ்வளவு காற்று மிச்சம் என்பதை அவர் இடுப்பருகே தொங்கும் அழுத்தமானிதான் காட்டும், அதுவும் அவர் குனிந்து பார்த்தால்.