39 மாடிகளும் ஒரு பை சீமெந்தும்

கொழும்புக் கோட்டையில் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் நிற்குமிடம் எச்சிலன் சதுக்கம். ஆங்கிலேயர் காலத்தில் அங்கிருந்த இராணுவக் குடியிருப்பின் பெயர் அது. படைவீரர் தங்கிய நிலத்தில் வணிகம் 39 மாடிகளாக, 152 மீற்றர் உயரத்துக்கு எழுந்தது.

வேலை நடந்துகொண்டிருக்கையில், 1996 ஜனவரி 31இல், அருகிலுள்ள மத்திய வங்கியை விடுதலைப் புலிகள் வெடிமருந்து லொறியால் தாக்கினர். சுமார் 90 பேர் மாண்டனர். 1997 ஒக்டோபர் 12இல் கோபுரங்கள் திறக்கப்பட்டன. மூன்றே நாளில், பக்கத்து ஹோட்டலின் வாகனத் தரிப்பிடத்தில் இன்னொரு லொறி வெடித்தது. கண்ணாடிகள் பொடிந்தன, கோபுரங்கள் நின்றன.

அண்மையில் வன்னியிலிருந்து மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். அவர்கள் மாடிகளை எண்ணினார்கள். எனக்குச் சீமெந்துதான் நினைவில் வந்தது. இங்கே கொங்கிறீற் ஊற்றிய அதே ஆண்டுகளில், புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னிக்குச் சீமெந்து தடைசெய்யப்பட்ட பொருள். கிணற்றுக்கட்டு வெடித்தால் பூச ஒரு பை கிடையாது. 1990 ஒக்டோபரில் புலிகள் வெளியேற்றிய வட மாகாண முஸ்லிம்களோ புத்தளத்து ஓலைக் குடிசைகளில் இருந்தார்கள். மீற்றர் கணக்கில் எழுதப்படும் கட்டட வரலாற்றில் இவை இரண்டும் வருவதில்லை.

எங்கள் பக்கத்தில் உயரமென்றால் கிளிநொச்சித் தண்ணீர்த் தாங்கி. இறுதி யுத்தத்தில் தகர்க்கப்பட்டது. 2009க்குப் பின் விழுந்த கோலத்திலேயே சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்சியாக்கினார்கள். கொழும்பில் கண்ணாடியை மாற்றினார்கள். 1997இன் சுவடொன்றும் எங்கள் கண்ணில் படவில்லை. பிள்ளைகளோ, 2022இல் திறந்த தாமரைக் கோபுரத்துக்குப் போக அவசரப்பட்டார்கள்.