உடைந்த கண்ணாடியும் ஒரு சாட்சி: அச்சுக் கண்ணாடி, சாயக் கண்ணாடியை அடையாளம் காண்பது எப்படி?

உயிலங்குளத்தில் எங்கள் வளவைத் துப்புரவாக்கியபோது கிணற்றடி மண்ணில் உள்ளங்கையளவு கண்ணாடித் துண்டொன்று கிடைத்தது. "இது எங்கட சீனிக் கிண்ணம்" என்றார் அம்மா. நான் நம்பவில்லை. அவர் உள்ளே போய் உடுப்புப் பையிலிருந்து ஒரு மூடியை எடுத்துவந்தார். இடம்பெயர்ந்த இடமெல்லாம் கூடவே வந்த மூடி அது. மூடியின் விளிம்பில் மூன்று வைரக்கட்டம், ஒரு விசிறி. துண்டிலும் அதே வரிசை. எங்கள் வீடு இருந்ததற்கு எஞ்சிய சாட்சி அந்த இரண்டும்தான்.

மீளக்குடியேறிய உங்களுக்கும் இப்படித் துண்டுகள் கிடைக்கலாம். வீசிவிடாதீர்கள். பின்வருவன நான் கற்றுக்கொண்ட வழிகள்.

அச்சா, வெட்டா, ஊதியதா?

உருகிய கண்ணாடியை இரும்பு அச்சில் ஊற்றி, மேலிருந்து அழுத்திச் செய்வது அச்சுக் கண்ணாடி. 1820களில் அமெரிக்காவில் இதற்கான இயந்திரங்கள் வந்தபின், வெட்டுக் கண்ணாடி வாங்க வசதியில்லாத வீடுகளுக்கும் அலங்காரக் கிண்ணங்கள் போய்ச் சேர்ந்தன.

உள்பக்கத்தை விரலால் தடவுங்கள். வெளியே பூவேலை, உள்ளே வழுவழுப்பு என்றால் பெரும்பாலும் அச்சில் அழுத்தியது. வெளியே மேடான இடம் உள்ளே குழிந்திருந்தால் அச்சுக்குள் ஊதியது. அச்சின் பாகங்கள் பொருந்திய இடத்தில் மெல்லிய கோடு மேலெழுந்து நிற்கும். வெட்டுக் கண்ணாடியில் இக்கோடு இராது. அதன் விளிம்புகளும் விரலில் கூர்மையாகப் படும்.

கோலத்தை எண்ணுங்கள்

வைரக்கட்டம், விசிறி, முள்முள்ளான குமிழ், அடியில் நட்சத்திரம் ஆகியவற்றைப் பல தொழிற்சாலைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று செய்தன. ஆகவே ஓர் உருவை மட்டும் நம்பக்கூடாது. உருக்களின் வரிசையையும் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். நட்சத்திரத்துக்கு எத்தனை கதிர், விளிம்பில் எத்தனை வளைவு என்று குறியுங்கள். துண்டின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசினால் கோலம் பதிந்துவிடும்.

அடியைப் பாருங்கள்

பிரித்தானியப் பொருட்களில் 1842 முதல் 1883 வரை வைர வடிவப் பதிவு முத்திரை இடப்பட்டது. அதன் உச்சியிலுள்ள ரோம இலக்கம் மூன்று கண்ணாடியைக் குறிக்கும். 1884இலிருந்து முத்திரைக்குப் பதில் பதிவு எண் வந்தது. இவை காட்டுவது வடிவம் பதிவான காலத்தை. பொருள் அதற்குப் பல ஆண்டுகள் பிந்தியும் வார்க்கப்பட்டிருக்கலாம். மயில் தலை இருந்தால் அது இங்கிலாந்தின் சவர்பி நிறுவனத்தின் குறி.

எல்லாம் இங்கிலாந்திலிருந்து வந்தவை என்றும் எண்ண வேண்டாம். 1914 முதல் 1964 புயல்வரை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. பிரோசாபாத் போன்ற இந்தியக் கண்ணாடி நகரங்களின் பொருட்களும் நம் அலுமாரிகளுக்கு வந்திருக்க இடமுண்டு.

நிறம் எங்கே இருக்கிறது?

உடைந்த விளிம்பை வெளிச்சத்தில் பிடியுங்கள். உள்வரை சிவப்பென்றால் நிறம் கலந்து வார்த்த கண்ணாடி. மேல்தோல் மட்டும் சிவந்து உள்ளே தெளிவாக இருந்தால், பெரும்பாலும் சாயம் பூசிச் சூளையில் சுட்டது. செம்பு சிவப்பையும் வெள்ளி மஞ்சளையும் தரும். சுடாமல் தீட்டிய வண்ணம் கழுவும்போதே உரியும்.

வானவில் மினுக்கம் ஏமாற்றும். சூடாக இருக்கும்போதே உலோக உப்புத் தெளித்து மினுக்கம் ஏற்றிய கண்ணாடிகள் உண்டு. மண்ணில் நெடுங்காலம் கிடந்த கண்ணாடியும் அப்படி மினுங்கும். உடைந்த விளிம்பிலும் மினுக்கம் இருந்தால் அது மண் தந்தது.

மாந்தையை மறக்க வேண்டாம்

எங்கள் ஊருக்கு அருகேதான் மாந்தைத் துறைமுகம் இருந்தது. அங்கு 1980இல் தொடங்கிய அகழாய்வு போரினால் 1984இல் நின்றது. அங்கே கிடைத்தவற்றில் கண்ணாடி மணிகளும் உண்டு. அந்தப் பக்கத்தில் மணியோ கண்ணாடியோ கண்டால் தோண்டாமல் தொல்லியல் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். கண்ணிவெடி அகற்றி முடிக்காத காணியில் எதற்காகவும் மண்ணைக் கிளறாதீர்கள்.

கிடைத்த துண்டைச் சாதாரணத் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். எங்கே, என்று கிடைத்தது என்று எழுதிவையுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அலுமாரியில் என்னென்ன இருந்தன என்று இன்றே கேளுங்கள். அம்மா எனக்கு இருபத்தேழு பொருட்கள் சொன்னார். இதுவரை கிடைத்தது ஒன்றுதான்.