தேனீக்குப் பாகூட்டிய வரலாறு



தேனீயிடம் தேன் கொள்ளும் மனிதன், அத்தேனீக்கே உணவூட்ட நேர்வதும் உண்டு. இது புதிய வழக்கமன்று. கி.மு. முதலாம் நூற்றாண்டில் உரோமக் கவிஞர் வேர்ஜில், உழவுத்தொழில் பற்றிப் பாடிய நூலின் நான்காம் பகுதியைத் தேனீக்கென ஒதுக்கினார். நலிந்த கூட்டத்துக்கு நாணற்குழாய் வழியே தேனைச் செலுத்துக என்பது அதிலுள்ள அறிவுரைகளுள் ஒன்று. அவருக்குப் பின் வந்த கொலுமெல்லா என்னும் வேளாண்மை ஆசிரியர் இன்னும் நுணுக்கமாக எழுதினார். உலர்ந்த அத்திப்பழத்தை நசுக்கி நீரில் ஊறவைத்து, அச்சாற்றிலே தூய கம்பளி மயிரைத் தோய்த்து வைக்கவேண்டும். தேனீக்கள் அதன்மேல் நின்று உறிஞ்சும் என்றார்.

கம்பளி எதற்கு? பாகிலே விழுந்த தேனீயின் சிறகு ஒட்டிக்கொள்ளும். அதனால் மேலேற முடியாது. ஒன்றின்மேல் ஒன்றாக நூற்றுக்கணக்கில் மாளும். உயிர் காக்க வைத்த உணவே உயிர் குடிக்கும். பிற்காலத்தில் எழுந்த ஊட்டுகலங்கள் யாவும் இந்த ஓர் இடரைத் தீர்க்கவே முயன்றன எனலாம்.

புதிய கூட்டத்துக்கு ஏன் ஊட்டவேண்டும் என்பதைத் தெளிவாக்கியவர் ஜெனீவா நகரத்து பிரான்சுவா ஊபர். அவர் கண்பார்வை இழந்தவர். அவருடைய பணியாளர் பேர்னன்ஸ் பார்த்துச் சொல்ல, இவர் ஆராய்ந்தார். மகரந்தத்திலிருந்தே மெழுகு உண்டாகிறது என்று பலரும் நம்பிய காலம் அது. ஊபர் தேனீக்களை அடைத்து வைத்துத் தேனும் நீரும் மட்டுமே கொடுத்தார். அவை வதை கட்டின. சீனிப்பாகு கொடுத்தபோதும் கட்டின. மகரந்தம் மட்டும் பெற்றவையோ கட்டவில்லை. 1814இல் வெளிவந்த அவருடைய நூற்பதிப்பு இவற்றை விரித்துரைக்கிறது. வதையில்லாப் புதுக்கூட்டம் இனிப்பை மெழுகாக்கியே வீடு கட்டுகிறது. வீடில்லையேல் இராணி முட்டையிட இடமில்லை. மழையோ குளிரோ சில நாள் நீடித்தால் அக்கூட்டம் அழிவதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

ஆனாற் சீனி விலையுயர்ந்த பொருளாயிருந்தது. பிரித்தானியாவில் 1874இல் சீனி வரி முற்றாக நீக்கப்பட்டது. அதே ஆண்டில் அந்நாட்டுத் தேனீ வளர்ப்போர் சங்கமும் தோன்றியது. அமெரிக்காவில் லாங்ஸ்ட்ரோத் 1852இல் உரிமம் பெற்ற சட்டப்பெட்டி அதற்கு முன்பே பரவத் தொடங்கியிருந்தது. பெட்டி ஓர் அளவுக்கு வந்தபின் ஊட்டுகலமும் ஓர் அளவுக்கு வந்தது. டூலிட்டில் பெயரால் வழங்குவது, ஒரு சட்டத்தின் இடத்திலேயே தொங்கும் ஒடுங்கிய தொட்டி. மிதவைக் கட்டையின்றி அதனை வைப்பது கொலைக்கு ஒப்பாகும். மருத்துவத் தொழிலை விட்டுத் தேனீ வளர்த்த மில்லர் என்பாரின் பெயர் தாங்கியது, பெட்டியின் மேலே அமரும் அகன்ற கலம்; ஒரே முறையில் நிறையப் பாகு கொள்ளும். போர்ட்மன் கலமோ வாயிலிற் கவிழ்த்து வைக்கும் போத்தல். பாகு குறைவதை வெளியிலிருந்தே காணலாம். அவ்வசதிக்காகவே பலர் அதை விரும்பினர். ஆயினும் வாயிலில் மணக்கும் பாகு அயற்கூட்டத்துக் கொள்ளையரை அழைத்துவரும். சிறு கூட்டம் அவர்களை எதிர்த்து நிற்காது. புதுக்கூட்டத்துக்கு நாம் தேர்வதாயின், மூடியிற் சிறு துளைகள் இட்டு, கூட்டின் தலைமேற் கவிழ்த்த தகரக்கலமே மேல். வெளிக்காற்றின் அழுத்தம் பாகை ஒழுகாமல் தாங்குகிறது, தேனீ நாவை நீட்டிப் பெறுகிறது, விழ இடமில்லை. விலையும் சொற்பம்.

வதை கட்டுவதற்குச் சீனியும் நீரும் சமபங்கு போதும். மாரிகாலச் சேமிப்புக்கு நீர் ஒரு பங்கு, சீனி இரு பங்கு. வேர்ஜில் சொன்னவாறு தேனையே கொடுப்பது இன்று ஏற்றதன்று. பிறகூட்டத்துத் தேன் புழுக்களை அழுகச்செய்யும் நோயின் வித்துகளைக் கொண்டுவரக்கூடும்.

நம் நாட்டுத் தேனீயிடம் வேறொரு குணமுண்டு. பசி வந்தாற் கூட்டிலிருந்து சாவதற்குமுன் முழுக்கூட்டமும் பெட்டியை விட்டுப் பறந்துவிடும். ஆகவே பூவற்ற காலத்தில், ஒரு சிரட்டையிற் பாகூற்றி, வைக்கோலோ சிறு குச்சிகளோ மிதக்கவிட்டு, பொழுது சாய்ந்தபின் பெட்டியினுள் வைக்கலாம். ஒரு துளியும் வெளியே சிந்தலாகாது. மிஞ்சிய பாகைப் புளிக்குமுன் எடுத்துவிட வேண்டும்.